கன்ட்ரோல் லைன் விமானத்துக்கு ப்ராப் தேர்ந்தெடுப்பது எப்படி?

கம்பிகளின் முனையில் உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம்தான் கன்ட்ரோல் லைன் விமானம். இதில் புதிதாக இறங்குகிறவர்கள் எஞ்சினைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். இறக்கை, எடை, டேங்க் எல்லாவற்றையும் கேட்பார்கள். ப்ராப்பை (ப்ரொபெல்லரை) மட்டும் பெட்டியில் கிடப்பதில் ஒன்றை எடுத்து மாட்டிவிடுவார்கள். எஞ்சின் உண்டாக்குகிற சக்தி முழுவதும் அதன் இரண்டு அலகுகள் (ப்ளேடுகள்) வழியாகத்தான் காற்றுக்குப் போக வேண்டும். அங்கே தவறினால் நல்ல எஞ்சினும் நல்ல விமானமும் சேர்ந்து மோசமாகப் பறக்கும்.

ஒரு முறை 35 எஞ்சின் (0.35 கன அங்குலக் கொள்ளளவு) பூட்டிய பயிற்சி விமானத்தோடு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். மூன்று முறை பறக்கவிட்டு, மூன்று முறையும் மூக்கைத் தரையில் குத்தியிருந்தார். தனக்குக் கை வரவில்லை என்று மனம் விட்டுப்போயிருந்தார். நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பரைப் பறக்கவிடச் சொன்னேன். ஒரு வட்டம் 4.2 விநாடி. மாட்டியிருந்தது 9×7 ப்ராப். அதைக் கழற்றி 10×5 போட்டோம். வட்டம் ஐந்தரை விநாடிக்கு அருகில் வந்தது. அன்று மாலைக்குள் அவர் டேங்க் தீரும்வரை பறக்கவிட்டு, எஞ்சின் நின்றபின் ஒழுங்காக இறக்கினார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. அந்த வேகத்துக்குப் புதியவர் யாருக்கும் கை ஓடாது.

அதனால் நான் புதியவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஸ்டாப்வாட்சை வைத்து ப்ராப் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் எவ்வளவு கத்துகிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கீழே "வட்டம்" என்றால் விமானம் உங்களைச் சுற்றி ஒரு முறை வருவது. "சுற்று" என்றால் ப்ராப் ஒரு முறை சுழல்வது.

ப்ராப்பின் மேல் இருக்கும் எண்கள்

10×6 என்று எழுதியிருந்தால், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விட்டம் 10 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். பிட்ச் என்பதை மரை ஆணியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆணியை ஒரு முறை திருகினால் மரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட தூரம் இறங்கும். அதுபோல, காற்று வழுக்காத திடப்பொருளாக இருந்தால், இந்த ப்ராப் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னால் போகும். சில ப்ராப்களில் இதே அளவு சென்டிமீட்டரில் 25×15 என்று இருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். "ஈ" (E) போட்டவை மின்மோட்டாருக்கானவை. க்ளோ (ப்ளக்கில் கனலும் இழையால் எரியூட்டும் வகை) அல்லது டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கொடுக்கும் உதையைத் தாங்க அவை செய்யப்படவில்லை. எஞ்சினில் மாட்டவே கூடாது. "பி" (P) போட்டவை விமானத்தின் பின்னாலிருந்து தள்ளும் புஷர் வகை. அவற்றின் முறுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும். சாதாரண எஞ்சினின் முன்னால் அதை மாட்டினால் விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்.

முதலில் வட்ட நேரத்தை முடிவு செய்யுங்கள்

35 அல்லது 40 எஞ்சின், 60 அடிக் கம்பி, பயிற்சி விமானம் அல்லது ஸ்டன்ட் விமானம். இந்த அமைப்புக்கு ஒரு வட்டம் 5.0 முதல் 5.5 விநாடிக்குள் இருந்தால் நன்றாக இருக்கும். கற்றுக்கொள்கிறவர் 5.5-க்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 4.8-க்குக் கீழே போனால் யோசிக்க நேரம் இருக்காது, தலையும் சுற்றும். 5.8-ஐத் தாண்டினால் கம்பி தளர ஆரம்பிக்கும்.

கம்பி ஏன் தளர்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கம்பியோடு கையின் நீளத்தையும் சேர்த்தால் ஆரம் சுமார் 19 மீட்டர். ஒரு வட்டத்தின் தூரம் ஏறக்குறைய 119 மீட்டர். விமானத்தின் எடை 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5.2 விநாடி வட்டத்தில் அது உங்கள் கையைச் சுமார் 3.4 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 5.8 விநாடியில் இழுப்பு 2.7 கிலோவாக இறங்கிவிடும். விமானம் உங்கள் தலைக்கு நேர் மேலே போகும்போது அதன் சொந்த எடையான 1.2 கிலோ இந்த இழுப்பிலிருந்து கழியும். போதாததற்கு, மேலே ஏறும்போது வேகமும் குறையும். மிச்சம் இருப்பது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஒரு காற்று அடித்தால் கைப்பிடியில் எதுவும் தெரியாது. வாலில் இருந்து விமானத்தை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் உங்கள் பேச்சைக் கேட்காது. வட்ட நேரத்தில் அரை விநாடி என்பது இத்தனை பெரிய விஷயம்.

வேறு கம்பி நீளம் என்றால் ஆரத்தை மாற்றி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அரை ஏ என்று சொல்லப்படும் 0.8 சிசி குட்டி விமானங்கள் 35 அடிக் கம்பியில் நாலு விநாடிக்குள்ளேயே ஒரு வட்டம் முடித்துவிடும். குட்டியாக இருப்பதால் கற்க எளிது என்று நினைத்துப் பலர் அதில் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் 25 முதல் 40 வரையுள்ள எஞ்சினோடு சற்றுப் பெரிய விமானம்தான் கற்பதற்கு நல்லது.

வட்ட நேரத்திலிருந்து பிட்ச்

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை அங்குல பிட்ச்சால் பெருக்கி 656-ஆல் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். உதாரணம்: 9,000 சுற்று, 6 பிட்ச். 54,000-ஐ 656-ஆல் வகுத்தால் 82 கிலோமீட்டர். 119 மீட்டர் வட்டத்துக்கு இது 5.2 விநாடி. ஃபாக்ஸ் 35 போன்ற பழைய ஸ்டன்ட் எஞ்சின்களுக்கு 10×6 ஏன் நிரந்தர ஜோடியாக அமைந்தது என்பது இப்போது புரியும். அந்த எஞ்சின் சுகமாக ஓடும் வேகமும், 60 அடிக் கம்பிக்குத் தேவையான வட்ட நேரமும் அந்த அளவில் சந்திக்கின்றன.

இந்தக் கணக்கு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒருபக்கம் ப்ராப் காற்றில் கொஞ்சம் வழுக்கும், வேகம் குறையும். இன்னொரு பக்கம், விமானம் நகரத் தொடங்கியதும் ப்ராப்பின் சுமை குறைந்து எஞ்சின் தரையில் காட்டியதைவிட வேகமாகச் சுழலும். அது போக, எழுதியிருக்கும் பிட்ச் பொதுவாக அலகின் தட்டையான பின்பக்கத்தை வைத்து அளந்தது. முன்பக்க வளைவால் அலகு உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பிட்ச் உள்ளதுபோல் வேலை செய்யும். 4 பிட்ச் போன்ற சின்ன எண்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கணக்கு சொல்வதைவிட வேகமாகப் பறக்கும். ஆகவே கணக்கிட்டு வாங்குங்கள், ஸ்டாப்வாட்சால் சரிபாருங்கள்.

எஞ்சினுக்கு ஏற்ற தொடக்க அளவு

எஞ்சினோடு வந்த தாளில் அளவு போட்டிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அது ரேடியோ விமானத்துக்கான அளவா என்று பாருங்கள். ரேடியோ விமானத்துக்குச் சொல்லும் அளவில் பிட்ச் பெரும்பாலும் நமக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக இருக்கும். தாள் இல்லையென்றால் இவற்றில் தொடங்கலாம்:

- 049 (0.8 சிசி): 6×3. வேகமாகச் சுழலும் வகை எஞ்சினுக்கு 5×3
- 15 (2.5 சிசி) க்ளோ: 8×4
- 2.5 சிசி டீசல்: 9×4 அல்லது 8×6
- 25 (4 சிசி): 9×4, 9×5
- 35 (5.7 சிசி), 40 (6.5 சிசி): 10×5, 10×6
- 46 (7.5 சிசி): 11×5, 11.5×4
- 60 (10 சிசி): 12×5, 12×6

டீசலுக்குத் தனி அளவு கொடுத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே கொள்ளளவில் டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் நல்ல முறுக்குவிசை கொடுக்கும். அதனால் பெரிய ப்ராப்பைச் சுமக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. விமானத்தின் வாலைத் தூக்கி மட்டமாக நிறுத்தி, எஞ்சின் தண்டின் மையத்திலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். ப்ராப்பின் பாதி விட்டத்தைக் கழித்தபின் குறைந்தது ஓர் அங்குலமாவது மிஞ்ச வேண்டும். புல்தரை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இதை அளக்காமல் 11 அங்குல ப்ராப் வாங்கிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே நுனியைத் தேய்த்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

"விட்டம் ஓர் அங்குலம் கூடினால் பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள், சுமை சமமாகிவிடும்" என்று மைதானத்தில் சொல்வார்கள். இது சரியல்ல. எஞ்சினின் மேல் ப்ராப் ஏற்றும் சுமை, விட்டத்தின் நான்காம் அடுக்கையும் பிட்ச்சையும் பெருக்கினால் வருவதை ஒட்டி மாறும். போட்டுப் பாருங்கள். 10×6 என்றால் 10-இன் நான்காம் அடுக்கு 10,000. அதை 6-ஆல் பெருக்கினால் 60,000. 11×5 என்றால் 73,205. அதாவது சுமை 22 சதவீதம் கூடிவிட்டது! 10×6-க்கு உண்மையில் சமமானது 11×4 (58,564). சின்ன விட்டத்தின் பக்கம் போனால் 9×9 (59,049). ஓர் அங்குல விட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குல பிட்ச் ஈடாகிறது.

இந்த மூன்றும் எஞ்சினுக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். விமானத்துக்கோ மூன்றும் மூன்று விதம். 9×9 வேகத்துக்கானது, புறப்படும்போது சோம்பும், மேலே ஏறும்போது தளரும், ஆனால் மட்டமாகப் பறக்கையில் பாயும். பந்தய விமானங்கள் இந்தத் திசையில் போகும். அதன் எல்லை எஃப்2ஏ என்ற வேகப் போட்டி. அங்கே 2.5 சிசி எஞ்சின், 17.69 மீட்டர்க் கம்பி, ஒன்பது வட்டம் ஒரு கிலோமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 40,000 சுற்று அளவில் சுழல, விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் போகும். ப்ராப்புக்கு ஒரே ஓர் அலகுதான். மறுபக்கம் எடை வைத்துச் சமன் செய்திருப்பார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அது வேறு உலகம்.

11×4 ப்ராப் 9×9-க்கு நேர் எதிர். கையிலிருந்து விட்டதும் இழுக்கும், செங்குத்தாக ஏறும்போதும் வேகம் அதிகம் விழாது. ஸ்டன்ட் பறக்கவிடுபவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. காற்றடிக்கும் நாளில் அடுத்தடுத்து லூப் (செங்குத்தான வளையம்) போடும்போது விமானம் ஒவ்வொரு லூப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் எடுத்து, கடைசியில் கையை மீறும். பெரிய விட்டமும் குறைந்த பிட்ச்சும் உள்ள ப்ராப், விமானம் அளவுக்கு மேல் வேகமெடுக்கும்போது தானே பிரேக் போல வேலை செய்யும். இதை உணர்ந்த பிறகு நான் காற்றடிக்கும் நாட்களில் 6 பிட்ச்சை எடுப்பதே இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லோரும் பெரிய விட்டத்துக்கே போகலாமே? இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, சுழலும் பம்பரத்தின் குணம். விமானத்தின் மூக்கை மேலோ கீழோ திருப்பும்போது, சுழலும் ப்ராப் அதைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். நம் வழக்கமான அமைப்பில் விமானம் இடஞ்சுழியாக வட்டமிடும். ப்ராப் பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். அப்போது மூக்கை மேலே தூக்கினால் அது வெளிப்பக்கம் திரும்பும். கம்பி இறுகும், நல்லது. மூக்கைக் கீழே அழுத்தினால் உங்கள் பக்கம் திரும்பும், கம்பி தளரும். ப்ராப் பெரிதாகவும் கனமாகவும் ஆக ஆக, வேகமாகச் சுழலச் சுழல இந்தக் குணம் வலுக்கும். கீழ்ப்பக்கத் திருப்பங்களில் மட்டும் கம்பி தளர்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் ப்ராப்பின் எடையைத்தான் கேட்பேன். மின்மோட்டார் வைப்பவர்களில் சிலர் மோட்டாரை எதிர்த்திசையில் சுழலவிட்டு, முன்னால் புஷர் ப்ராப்பை மாட்டி இதைத் தலைகீழாக்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது தடை எஞ்சினின் எதிர்முறுக்கு. ப்ராப் வலஞ்சுழியாகச் சுழல, விமானத்தின் உடல் இடப்பக்கம், அதாவது உங்கள் பக்கம் சாயப் பார்க்கும். புறப்படும் நேரத்தில் வேகம் இல்லாததால் இது அதிகமாகத் தெரியும். ப்ராப்பை ஓர் அளவு பெரிதாக்கினால், வெளி இறக்கை நுனியில் வைத்திருக்கும் எடையையும் மறுபடி பார்க்க வேண்டிவரலாம்.

மூன்று அலகு ப்ராப் பற்றிக் கேட்பார்கள். தரைக்கும் நுனிக்கும் இடம் போதாத விமானத்துக்கு அது நல்ல வழி. ஓட்டமும் மிருதுவாக இருக்கும். இரண்டு அலகு அளவிலிருந்து விட்டத்தை ஓர் அங்குலம் போலக் குறைத்து வாங்க வேண்டும். விலை கூடுதல், சமன் செய்வது கடினம். முதல் வருடத்தில் அது வேண்டாம்.

எஞ்சின் ஓடும் விதத்தோடு பொருந்த வேண்டும்

ஸ்டன்ட் எஞ்சின்களை ஓட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் நீடில் வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்து, எரிபொருள் கூடுதலாகப் போகும்படி விடுவார்கள். மட்டமாகப் பறக்கும்போது எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடித்து, தாழ்ந்த குரலில் ஓடும். இதை ஃபோர்ஸ்ட்ரோக் ஓட்டம் என்பார்கள். மூக்கு மேலே திரும்பியதும் ஒவ்வொரு சுற்றும் வெடித்து, குரல் உயர்ந்து, தேவையான இடத்தில் சக்தி கூடும். மறுபடி மட்டமானதும் அடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பறக்கவிடுவதில் உள்ள சந்தோஷத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். இந்த ஓட்டத்துக்கு எஞ்சினின் மேல் போதுமான சுமை வேண்டும். 35 எஞ்சினுக்கு 10×6 சரி. ப்ராப் மிக இலேசாக இருந்தால் எஞ்சின் ஃபோர்ஸ்ட்ரோக்குக்குத் திரும்பி வராமல் உச்சக் குரலிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

புதிய வழி, ஷ்னூர்லே போர்ட்டிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை நுழையும் வழிகளின் ஓர் அமைப்பு) உள்ள பிற்கால எஞ்சின்களுக்கானது. 4 பிட்ச் போன்ற குறைந்த பிட்ச் போட்டு, 11,000 சுற்றுக்கு அருகில் சீராக ஓடவிடுவது. இங்கே ப்ராப்பே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இப்படிப்பட்ட எஞ்சினில் 6 பிட்ச்சை மாட்டிவிட்டு, வேகத்தைக் குறைக்க நீடிலைத் திறந்துகொண்டே போனால் ஓட்டம் தடுமாறும், நடுவில் அணையும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், 25-க்கு 9×4, 46-க்கு 11.5×4 என்று குறைந்த பிட்ச் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

புது எஞ்சினைப் பழக்குவதற்கு, பறக்கப்போவதைவிட ஓர் அளவு இலேசான ப்ராப்பை மாட்டினால் எஞ்சின் திணறாமல் ஓடும்.

மரமா, நைலானா?

மர ப்ராப் இலேசானது. மேலே சொன்ன பம்பரக் குணம் அதில் குறைவு. தரையில் குத்தினால் தான் உடைந்து எஞ்சின் தண்டைக் காப்பாற்றும். ஆனால் புதியவர் மாதத்துக்கு எத்தனை உடைப்பார் என்று யோசித்தால் செலவு கைமீறும். கண்ணாடி இழை கலந்த நைலான் ப்ராப் சின்னச் சின்ன உரசல்களைத் தாங்கும். கற்பதற்கு அது, ஸ்டன்ட் பழகியபின் மரம் அல்லது கார்பன் ஃபைபர் என்பது என் பரிந்துரை. கார்பன் ப்ராப் இலேசும் விறைப்பும் சேர்ந்தது, விலையும் அதற்கேற்ப.

தயாரிப்பாளர் சொல்லும் உச்சச் சுற்று எண்ணை மீறாதீர்கள். எஞ்சினுக்கான ப்ராப்புக்கும், மெதுவாகப் பறக்கும் மின்விமானத்துக்கான மெல்லிய ப்ராப்புக்கும் அந்த எல்லையில் பெரிய வித்தியாசம் உண்டு. சுழலும் வேகம் இருமடங்கானால் அலகைப் பிய்த்து எறியும் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மாட்டுவதற்கு முன்

அச்சில் வார்த்த ப்ராப்பின் ஓரங்கள் கத்தி போல இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஓரம் முழுவதும் இலேசாகத் தடவி அந்தக் கூர்மையை எடுத்துவிடுங்கள். கையால் தட்டி எஞ்சினைக் கிளப்புகிறவருக்கு இது கட்டாயம்.

அடுத்தது சமன் பார்ப்பது. பேலன்சர் ஒன்று வாங்கிவிடுங்கள். பல வருடம் உழைக்கும். ப்ராப்பை அதில் மாட்டிக் கிடையாக விட்டால் கனமான அலகு கீழே இறங்கும். அந்த அலகின் முன்பக்க வளைவில், நுனிப் பாதியில் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மறுபடி பாருங்கள். மர ப்ராப் என்றால் இலேசான அலகின்மேல் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தாலே போதும். தேய்த்த இடத்தையும் வார்னிஷால் மூட வேண்டும், எரிபொருள் மரத்துக்குள் இறங்கக் கூடாது. சமன் இல்லாத ப்ராப்பின் அதிர்வு டேங்கில் எரிபொருளை நுரைக்க வைக்கும். நுரை போனால் எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். நீடிலைத் திருகித் திருகி அலுத்துப்போன பலருக்கு உண்மையான வியாதி இதுதான்.

நடுத்துளை தண்டுக்குச் சின்னதாக இருந்தால் ட்ரில் போடாதீர்கள். துளை ஒருபக்கம் ஒதுங்கிவிடும். ப்ராப்புக்கென்றே உள்ள ரீமரை (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி) கையால் திருப்பிப் பெரிதாக்குங்கள், அதன்பின் சமனை மறுபடி பாருங்கள்.

எண் எழுதிய பக்கம், அதாவது வளைந்த பக்கம், விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். எஞ்சினை மெதுவாகச் சுழற்றி, பிஸ்டன் காற்றை அழுத்தத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் ப்ராப் ஏறக்குறைய கிடையாக இருக்கும்படி வைத்து நட்டை இறுக்குங்கள். கிளப்பும்போது கைக்கு வசதி. இன்னொரு லாபமும் உண்டு: எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நிற்கும்போது ப்ராப் பெரும்பாலும் கிடையாகவே நிற்கும், இறங்கும்போது நுனி தப்பிக்கும். மாட்டியபின் இரண்டு நுனியும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். நுனிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணம் அடித்தால், ஓடும்போது ப்ராப்பின் வட்டம் கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சின் ஓடும்போது ப்ராப்பின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. அலகு பிய்ந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். நீடிலைத் திருக வேண்டுமென்றால் பின்னால் வந்து திருகுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்; விரலுக்குப் பதில் ரப்பர் சுற்றிய குச்சியால் தட்டுங்கள்.

மைதானத்தில் சோதிப்பது

முதல் நாளுக்கு 35 எஞ்சின் வைத்திருப்பவர் 10×6, 10×5, 11×5 என்று மூன்று ப்ராப் கொண்டுபோனால் போதும். கூடவே ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, பேனா. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டேக்கோமீட்டர் இருந்தால் நல்லது.

10×6-ஐ மாட்டி, எஞ்சினைச் சரிசெய்து, தரையில் எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டு பறக்கவிடுங்கள். ஓட்டம் சீரானபின், உங்கள் உதவியாளர் பத்து வட்டத்துக்கு ஆகும் நேரத்தை எடுத்து, பத்தால் வகுக்கட்டும். ஒரே வட்டத்தை அளந்தால் பொத்தானை அழுத்துவதில் வரும் பிழையே கால் விநாடி ஆகிவிடும். விமானம் தோள் உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும்.

வேகம் கூடுதலா? 10×5 மாட்டுங்கள். எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுழலும், ஆனாலும் விமானம் மெதுவாகும். காகிதக் கணக்கில் 5.2 விநாடி வட்டம் 5.9 ஆக வேண்டும். நிஜத்தில் மாற்றம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வட்ட நேரம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் தளர்கிறது, காற்றில் லூப் போட்டால் வேகமெடுக்கிறது என்றால் 11×5-ஐப் போடலாம். ஆனால் அது எஞ்சினுக்கு 22 சதவீதம் கூடுதல் சுமை என்று பார்த்தோம். பாதிப் பறப்பில் எஞ்சின் சூடாகி, குரல் இறங்கித் தொய்ந்தால் ப்ராப் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது இரண்டு நுனியிலும் மூன்று மூன்று மில்லிமீட்டர் வெட்டி, நுனியைப் பழைய வடிவத்துக்கு உருட்டி, மறுபடி சமன் செய்யுங்கள். விட்டம் 10¾ ஆகும். சுமை 9 சதவீதம் குறையும். கடையில் கிடைக்காத அளவை இப்படி நாமே செய்துகொள்வது பழைய வழக்கம். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு பறப்புக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ப்ராப்பையும் எரிபொருளையும் க்ளோ ப்ளக்கையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. விதிவிலக்கு நீடில்: ப்ராப் மாறினால் அதை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். எரிபொருள் தீரும் நேரமும் மாறும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அலகில் நகம் தட்டும் அளவுக்கு வெட்டோ, நடுப்பகுதியில் வெள்ளைக் கோடோ தெரிந்தால் அந்த ப்ராப்பை இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். பசை போட்டு ஒட்டிய ப்ராப்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

உங்களுக்குப் பொருந்தும் அளவு கிடைத்ததும் அதே தயாரிப்பில் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எண் எழுதி, தனித்தனியே பறக்கவிட்டு நேரம் குறியுங்கள். ஒரே அளவு அச்சடித்த இரண்டு மர ப்ராப்கள் வட்டத்துக்குக் கால் விநாடி வித்தியாசம் காட்டுவதை நானே அளந்திருக்கிறேன். என் பெட்டியில் இருக்கும் 3-ஆம் எண் 10×6-ஐ காற்று இல்லாத நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.